ஹரிக்கேன் போன இடம்: 618 படம் அழிஞ்ச ஒரு நிகழ்வு ஆய்வு

இது திருகோணமலையில ஒரு சின்ன போட்டோக் கடையில நடந்த விசயம். சம்பந்தப்பட்ட மூண்டு பேரும் எழுத ஒத்துக்கொண்டவை, பேர் மட்டும் போட வேண்டாம் எண்டவை. அதால கடைக்காரரை அண்ணை எண்டும், கடையில வேலை செய்யிறவனைப் பெடியன் எண்டும், லண்டனில இருக்கிற அவற்ற அக்கான்ர மகனை மருமகன் எண்டும் எழுதிறன். நான் கம்ப்யூட்டர் திருத்திற ஆள். இதுக்குள்ள நான் வந்தது ஏழாம் நாள் இரவு, அதுக்கு முந்தி நடந்தது எல்லாம் அவையள் சொன்னதையும் ஃபைலுக்குள்ள பதிஞ்சிருந்த நேரத்தையும் வச்சு நான் கோர்த்தது.

பின்னணி

அண்ணைக்கு வயசு நாப்பத்தஞ்சுக்கு மேல. கடை வருமானம் எண்டா கலியாணம், சாமத்திய வீடு, பாஸ்போட் சைஸ் படம், அவ்வளவுதான். பழைய பிளேன் ஆசை வந்தது அப்பம்மா சொன்ன கதையால. 1942 ஏப்ரல் 9 காலமை ஜப்பான் விமானந்தாங்கிக் கப்பலுகளில இருந்து வந்த பிளேனுகள் திருகோணமலைத் துறைமுகத்திலயும் சீனக்குடாவிலயும் குண்டு போட்டது, சீனக்குடாவில நிண்ட பிரித்தானிய விமானப்படையின்ர 261ஆம் ஸ்குவாட்ரன் (விமான அணி) ஹரிக்கேன் எண்ட சண்டைப் பிளேனுகள் மேல ஏறிச் சண்டை பிடிச்சது, எண்ணெய்த் தாங்கி ஒண்டு பத்தி எரிஞ்சது, அதே நாள் ஹேர்மிஸ் எண்ட பிரித்தானியக் கப்பலை மட்டக்களப்புக் கடலில தாட்டது, இதெல்லாம் புத்தகத்தில இருக்கு. புத்தகத்தில இல்லாதது, டொக்யார்டில கூலி வேலை செய்த அவற்ற பூட்டன் அண்டைக்குச் சாப்பாட்டுப் பெட்டியையும் விட்டிட்டு ஓடி வந்து வீட்டில சொன்ன ஒரு வசனம்: "முதுகு கூனின பிளேன்தான் எங்கட பிளேன்." ஹரிக்கேனைப் பக்கவாட்டில பாத்தா விமானி இருக்கிற இடத்துக்குப் பின்னால முதுகு கூன் விழுந்த மாதிரித்தான் இருக்கும், கூலி வேலை செய்த மனுசன் ஓடுற ஓட்டத்தில அதைக் கவனிச்சிருக்கிறார்.

இந்த வசனத்தோட வளந்த ஆள் அண்ணை. இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய் சிப்மங்க், பலியோல், மிக்-17 எல்லாத்தையும் சுத்திச் சுத்திப் படமெடுத்து வச்சிருக்கிறார். ஆனா நிக்கிறதும் பறக்கிறதும் ஒண்டில்லை எண்டுவார். ஊரில தலைக்கு மேல பி.டி.-6 பயிற்சி விமானம் சத்தம் போட்டுச் சுத்தும், அதுவும் பழைய மாதிரி வட்ட எஞ்சின் வச்ச நல்ல பிளேன்தான், ஆனா காம்புக்குப் பக்கத்தில நிண்டு லோங் லென்ஸை நீட்டினா என்ன நடக்கும் எண்டு எங்கட ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அக்கான்ர மகளின்ர கலியாணத்துக்கு லண்டன் போக விசா கிடைச்சது, அது செப்டெம்பர் மாசம். கேம்பிரிட்ஜுக்குக் கிட்ட டக்ஸ்ஃபோர்டில செப்டெம்பரில ஒரு எயார்ஷோ நடக்கும் எண்டு மருமகன் சொல்லி டிக்கெட்டும் எடுத்து வச்சிட்டான். கலியாணத்துக்குக் கொண்டு போனது ஒரு கமரா. 150-600 மில்லிமீற்றர் தூர லென்ஸ் ஒண்டு அங்க வாடைக்கு எடுத்தவை. மருமகனிட்டயும் அதே கொம்பனி கமரா ஒண்டு இருந்தது, அதில 70-200 லென்ஸ் போட்டு ரெண்டாவது கமராவா வச்சுக்கொண்டார். இந்த "அதே கொம்பனி" எண்டதை ஞாபகம் வச்சிருங்கோ.

எயார்ஷோ நாள்

டக்ஸ்ஃபோர்டில சனம் நிக்கிற பக்கம் தெற்கைப் பாத்தபடி. அப்பிடியெண்டா கிட்டத்தட்ட முழு நாளும் சூரியன் முகத்துக்கு நேர, பிளேன் வெள்ளை வானத்தில கறுப்பு நிழலாத்தான் வரும். அண்ணை கலியாண வீட்டு ஆள், பின் வெளிச்சம் எண்டா என்ன செய்யிறது எண்டு தெரியும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் கூட்டி வச்சவர், அதில பிழை இல்லை.

பிழை விட்டது ஷட்டர் வேகத்தில. கலியாண வீட்டில ஆடினா படம் போச்சு எண்டு பழகின கை, அதோட 2015இல ஷோரமில ஒரு எயார்ஷோ பிளேன் றோட்டில விழுந்து 11 பேர் செத்தாப் பிறகு இங்கிலாந்தில பிளேனுகளைச் சனத்தில இருந்து இன்னும் தூரத்திலதான் பறக்க விடுறவை, அதால 600க்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கு, 600இல கை நடுங்குமெண்ட பயம். காலமை முழுக்க 1/1000 செக்கனில அடிச்சிருக்கிறார். எல்லாம் கத்தி மாதிரி ஷார்ப். மத்தியானம் அக்கா கட்டித் தந்த இடியப்பப் பார்சலைப் புல்லில வச்சுச் சாப்பிட்டுக்கொண்டு ஸ்க்ரீனைப் பாக்கேக்க மருமகன்தான் சொன்னவன்:

"மாமா, இதில ப்ரொப் சுத்தேல்லையே. நூலில கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் பிளேன் மாதிரிக் கிடக்கு."

அவன் சொன்னது சரி. கணக்குப் பாருங்கோ, ஹரிக்கேன் மாதிரி அந்தக் காலத்துப் பிளேனுகளில இருக்கிற மேர்லின் எஞ்சின் நிமிசத்துக்கு 2000 சுத்துச் சுத்தினா கியர் வழியா புரொப்பெல்லருக்குப் போறது அதில பாதிக்குக் கொஞ்சம் குறைய, ஒரு 950. செக்கனுக்கு 16 சுத்து. 1/1000 செக்கனில இலை நகருறது ஆறு டிகிரிதான், கண்ணுக்கு நிக்கிற மாதிரித்தான் தெரியும். 1/160 எண்டா 36 டிகிரி, அப்பத்தான் சுத்துற மாதிரித் தெரியும். ஜெட்டுக்கு 1/1000 பரவாயில்லை, புரொப்பெல்லர் பிளேனுக்கு அது கூடாது. 1/160க்கு இறங்கினா பிளேனோட சேந்து லென்ஸையும் ஒரே வேகத்தில இழுக்கவேணும், பத்தில எட்டு ஆடிப்போகும். அண்ணைக்கு அந்த விலை குடுக்கச் சம்மதம். லென்ஸின்ர ஆட்டம் தடுக்கிற சுவிட்சை ரெண்டாம் மோடில போட்டார், அது மேல கீழ ஆட்டத்தை மட்டும் பிடிக்கும், பக்கவாட்டு இழுவையை விட்டிடும். மெமரி கார்டையும் மாத்தினார், முதல் கார்டில இன்னும் இடம் கிடந்தது, இடையில நிரம்பிப் போகக்கூடாது எண்டு மாத்தினது. இந்த ரெண்டாம் கார்டை இனி ரெண்டாம் கார்ட் எண்டே சொல்லுறன்.

ஆகக் காலமை எடுத்தது ஷார்ப்பா ஆனா செத்த படம், பின்னேரம் எடுத்ததுதான் படம். பின்னேரம் மூண்டு மணி கழிய ஹரிக்கேன் வந்தது. சத்தம் அதே காலத்து மற்றச் சண்டைப் பிளேன் ஸ்பிட்ஃபயர் மாதிரித்தான், ரெண்டுக்கும் மேர்லின்தான், ஆனா கூன் தெரிஞ்சவுடன "இதடா" எண்டு அண்ணை கத்தின சத்தத்துக்குப் பக்கத்தில கதிரை போட்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பாத்தவராம். 73 படம் அடிச்சிருக்கிறார். இரவு ட்ரெய்னில வரேக்க கமராவில இருந்து போனுக்கு எடுத்து ஒன்பது படம் குடும்ப வட்ஸ்அப்பில போட்டவை. அப்ப அது சும்மா பகிடிக்குப் போட்டது.

கடையில நடந்தது

ஊருக்கு வந்தது செவ்வாய் இரவு. புதன் காலமை மூண்டு கார்டையும் பெடியனிட்டக் குடுத்து, "தம்பி, எல்லாத்தையும் எயார்ஷோ எண்டு ஒரு போல்டரில போட்டிட்டு கார்டுகளை ஃபோர்மட் பண்ணி வை, ஞாயிற்றுக்கிழமை சாமத்திய வீடு இருக்கு" எண்டிட்டுப் பாங்குக்குப் போயிட்டார். பெடியன் சொன்னதை அச்சொட்டாச் செய்தவன். பிரச்சினையே அதுதான்.

அண்ணையின்ர கமரா அண்டைக்கு 8214இல தொடங்கி 9999 மட்டும் போய், திரும்ப 0001இல இருந்து 0730 மட்டும் எடுத்திருக்கு. அனேகமான கமரா நாலு இலக்கத்தில எண்ணும், 9999க்குப் பிறகு கமரா புதுப் போல்டர் ஒண்டு திறந்து திரும்ப ஒண்டில இருந்து தொடங்கும். மருமகன்ர கமரா பெரிசா பாவிக்காதது, 0113இல தொடங்கி 1420. ரெண்டும் ஒரே கொம்பனி, பேரின்ர முன் எழுத்தும் ஒண்டு. அப்ப 0113 தொடக்கம் 0730 வரை, 618 பேர், ரெண்டு கமராவிலயும் ஒரே பேர், படம் மட்டும் வேற வேற.

அண்ணையின்ர கார்ட் ரெண்டும் முதல் ஏறிச்சு. பிறகு மருமகன்ர கார்டைப் போட, "இந்தப் பேரில 618 ஃபைல் ஏற்கனவே இருக்கு, மாத்தவா விடவா" எண்டு கம்ப்யூட்டர் கேட்டது. பெடியன் "மாத்து" அமத்தினான். 2516 படமும் 1308 படமும் சேந்து 3824 இருந்திருக்கவேணும், போல்டரில 3206 இருந்தது. எண்ணிப் பாக்கச் சொல்லி அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. மூண்டு கார்டும் ஃபோர்மட் ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை மேல கிடந்த கார்டை எடுத்துக்கொண்டு சாமத்திய வீட்டுக்குப் போனவன், அது அந்த ரெண்டாம் கார்ட், அதில 420 படம் எடுத்தவன்.

தெரிய வந்த விதம்

அடுத்த செவ்வாய் இரவு அண்ணை ஹரிக்கேனைத் தேடினார். கிடைக்கேல்லை. மருமகன்ர கமராவில 70-200இல எடுத்த சின்னப் புள்ளி மாதிரி ரெண்டு மூண்டு கிடந்ததே தவிர 600இல எடுத்தது ஒண்டும் இல்லை. இவ்வளவு நாளா ஏன் தெரியேல்லை எண்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. அண்ணையின்ர கமரா மணி இலங்கை நேரத்திலயே ஓடிக்கொண்டிருந்தது, இங்கிலாந்தின்ர கோடை நேரத்தை விட நாலரை மணித்தியாலம் முன்னுக்கு. நேரப்படி அடுக்கினா அண்ணையின்ர காலமைப் படங்கள் பின்னேர நேரத்தோட மருமகன்ர படங்களுக்கு இடையிலயும் அதுக்குப் பிறகும் வந்ததால இடையில 618 இல்லை எண்டது ஒரு ஓட்டையாத் தெரியேல்லை. ஹரிக்கேன் பறந்த நேரம் அந்தக் கமராவில இரவு 7.50 எண்டு இருந்திருக்கும், திருகோணமலையில செப்டெம்பர் மாசம் 7.50க்கு நல்லா இருட்டிப்போகும், வெயிலில பளபளக்கிற பிளேனுக்குக் கீழ இரவு நேரம் எழுதியிருக்கிறதை அதுவரை ஒருத்தரும் கவனிக்கேல்லை.

எனக்கு போன் வரேக்க மணி பத்தரை. அண்ணை முதல் சொன்னது, "பெடியன் எல்லாத்தையும் அழிச்சிட்டான்". நான் முதல் கேட்டது, "அந்தக் கார்டை இப்ப ஆராவது கமராவுக்க போட்டு வச்சிருக்கினமோ?" போட்டுத்தான் இருந்தது. உடன கழட்டி, பக்கத்தில இருக்கிற லொக் சின்னச் சுவிட்சைக் கீழ தள்ளி வைக்கச் சொன்னன்.

எடுத்த முடிவுகள், ஏன்

சாதாரணமா கமராவில ஃபோர்மட் பண்ணினா படம் அழியாது, அட்டவணைதான் அழியும், புத்தகத்தில பொருளடக்கத்தைக் கிழிச்ச மாதிரி. உள் பக்கம் அப்பிடியே கிடக்கும், மேல புதுசா எழுதுற வரைக்கும். அதால கடை லப்டொப்பைப் பற்றி நான் பெரிசா யோசிக்கேல்லை, அதில இருந்தது எஸ்.எஸ்.டி., அது அழிச்ச இடத்தைத் தானே துடைச்சு வைக்கிற சாமான், அதோட அங்க நடந்தது அழிப்பு இல்லை, மாத்தி எழுதினது. நம்பிக்கை இருந்தால் ரெண்டாம் கார்டிலதான்.

கொழும்பில தரவு மீட்கிற கொம்பனிக்கு அனுப்புவமா எண்டு அண்ணை கேட்டவர். வேண்டாம் எண்டன். கார்ட் உடையேல்லை, தண்ணிக்க விழேல்லை, வாசிக்குது. மேல எழுதின இடத்தை எந்தக் கொம்பனிக்காரனாலயும் திருப்ப ஏலாது, எழுதாத இடத்தை எங்களாலயே எடுக்க ஏலும். காசு குடுத்தாலும் அதே விடைதான் வரும்.

முதல் செய்தது, சாமத்திய வீட்டு 420 படத்தையும் ரெண்டு இடத்தில கொப்பி எடுத்தது. அண்ணைக்கு அது பிடிக்கேல்லை, அவருக்கு ஹரிக்கேன் வேணும். ஆனா அந்தப் பிள்ளையின்ர தாய் தகப்பன் காசு குடுத்து எடுப்பிச்ச படம் அது, ஹரிக்கேனைத் தேடப்போய் அதையும் துலைச்சா கடையையே மூடவேண்டி வரும்.

பிறகு கார்டை முழுசா, வெறும் இடத்தோட சேத்து, ஒரே ஃபைலா ஹார்ட் டிஸ்க்கில பிரதி எடுத்தன். கார்டில நேராத் தேடக்கூடாது, தேடுற மென்பொருள் தவறி ஒரு எழுத்து எழுதினாலும் போச்சு. பிரதி இருந்தா எத்தினை தரமும் முயற்சி செய்யலாம். 64 ஜிபிக்கு அரை மணித்தியாலம் போகும், முக்கால்வாசி போகேக்க கரண்ட் போச்சு, யூ.பி.எஸ். பற்றறி செத்தது, திரும்ப முதலில இருந்து. லொக் போட்ட கார்ட் எண்டதால கார்டுக்கு ஒண்டும் ஆகேல்லை.

தேடுறதுக்கு ஃபோட்டோரெக் எண்ட இலவச மென்பொருள். அது அட்டவணையைப் பாக்காது, ஒவ்வொரு ஃபைலும் தொடங்கிற அடையாளத்தைத் தேடித் தேடிப் பொறுக்கும். அதால ஃபைல் பேர் போயிடும், எஃப் எழுத்தும் நீள நம்பருமா வரும், ஆனா படத்துக்குள்ள கமரா எழுதி வைக்கிற நேரம், ஷட்டர், லென்ஸ், எத்தினையாவது ஷொட் எண்ட எண்ணிக்கை எல்லாம் அப்பிடியே இருக்கும்.

கிடைச்சதும் கிடைக்காததும்

ரெண்டாயிரத்துக்குக் கிட்ட ஃபைல் வந்தது. சாமத்திய வீடு 420. எயார்ஷோ 439. மிச்சம் எல்லாம் பழசு, ரெண்டு வருசத்துக்கு முந்தி எடுத்த ஒரு கலியாணம், ஆற்றையோ பிறந்தநாள், கடற்கரையில ஒரு புதுச் சோடி. கார்டை ஃபோர்மட் பண்ணித்தானே தாறம் எண்டு கூட்டாளிமாருக்குக் கடன் குடுக்கிற போட்டோக்காரர் இதைக் கொஞ்சம் யோசிக்கவேணும். நாங்கள் அந்தப் பழசுகளைத் திறந்து பாக்காமலே அழிச்சம்.

கமரா ஃபோர்மட்டுக்குப் பிறகு கார்டின்ர முன் பக்கத்தில இருந்துதான் எழுதும். சாமத்திய வீட்டு 420 படமும் அந்தக் கார்டின்ர முதல் 420 படத்துக்கு மேல கிட்டத்தட்ட ஒண்டுக்கு ஒண்டா ஏறி உக்காந்திட்டுது. அதில 9999 மட்டும் போன எண்ணிக்கையின்ர கடைசி 129உம், 0001 தொடக்கம் 0291 வரையும். முதல் 241 படத்துக்கு லப்டொப்பில கொப்பி இருந்தது, அதால பாதிப்பில்லை. 0113 தொடக்கம் 0291, 179 படம், போனது போனதுதான். 0292இல இருந்து எல்லாம் வந்தது.

ஹரிக்கேன் ஷொட் எண்ணிக்கைப்படி 0246 தொடக்கம் 0318. எல்லை நடுவால போச்சு. 73இல 46 இல்லை, 27 இருக்கு. வந்த 27உம் பிளேன் திரும்பித் தூரப் போகேக்க எடுத்தது, வால் பக்கம், வயிறு, புகை. கிட்ட வந்து, கொஞ்சம் சரிஞ்சு, கூன் முழுக்கத் தெரிய, 1/160இல இலை வட்டமாச் சுத்த, விமானியின்ர தலை கூடத் தெரிஞ்ச அந்த ஓட்டம் இல்லாமல் போன பக்கத்தில.

அப்பத்தான் மருமகன் லண்டனில இருந்து கதைச்சவன். "மாமா, ட்ரெய்னில வட்ஸ்அப்பில போட்டனாங்கள் எல்லோ?" ஒன்பதில நாலு அந்த 46இல இருந்து எடுத்தது. நல்லது எதெண்டு தெரிஞ்சு பொறுக்கிப் போட்டதால நல்லதுதான் அதில இருந்தது. வட்ஸ்அப் நசிச்சு அனுப்பினதால நீளப் பக்கம் 1600 பிக்சல்தான், வானத்தில கட்டம் கட்டமா இருக்கு. ஆனா இருக்கு.

பெடியன்ர பக்கம்

புதன் காலமை அண்ணை பெடியனை வேலையால நிப்பாட்டுறதா இருந்தவர். நான் அவனிட்டத் தனியா, கோபப்படாம ஒரு கேள்வி கேட்டன், ஏன் "மாத்து" அமத்தினனி?

"கலியாண வீட்டுக் கமராவில ரெண்டு கார்ட் போடுறம் எல்லோ அண்ணா, ரெண்டிலயும் ஒரே படம்தானே விழும். ரெண்டாவது கார்டைக் கொப்பி பண்ணேக்க ஒரே பேர் எண்டு கேட்டா மாத்து அமத்து, ஒண்டும் ஆகாது எண்டு அண்ணைதான் முதல் கிழமை சொல்லித் தந்தவர்."

உண்மை. கலியாண வீட்டுக் கமரா ரெண்டு கார்டிலயும் அச்சொட்டா ஒரே படத்தை எழுதும், அங்க அந்தச் சொல் பிழையில்லாத சொல். அதே கேள்வி, அதே பெட்டி, அதே பட்டன், ரெண்டு கமரா எண்டு வரேக்க அது கொலை. பெடியனுக்கு ரெண்டு கமராவால எடுத்தது எண்டே தெரியாது, மூண்டு கார்ட் எண்டு மட்டும்தான் தெரியும். அண்ணை இதைக் கேட்டிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார், பிறகு "தேத்தண்ணி போடு தம்பி" எண்டார். அதோட அந்தக் கதை முடிஞ்சுது, அவன் இப்பவும் அங்கதான் வேலை. என்னைக் கேட்டா இந்த முழு விசயத்திலயும் சரியா எடுத்த முடிவு அதுதான், அவனைக் கலைச்சிருந்தா இந்தக் காரணம் எங்களுக்குத் தெரிய வந்திராது, அடுத்த பெடியனுக்கும் அதே பாடத்தைத்தான் அண்ணை சொல்லிக் குடுத்திருப்பார்.

பேர் இல்லாத படங்களுக்குப் பேர் வைச்சது

439 படமும் எஃப் நம்பரோட கிடக்கு. படத்துக்குள்ள எழுதியிருக்கிற விபரத்தை மாத்துற எக்ஸிஃப்டூல் எண்ட மென்பொருளை வச்சு அண்ணையின்ர கமராப் படம் எல்லாத்தின்ர நேரத்தையும் நாலரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினம். அப்பிடியும் ரெண்டு கமராவும் சரியாப் பொருந்தேல்லை, மருமகன்ர மணி கிட்டத்தட்ட ரெண்டு நிமிசம் பிந்தி. ரெண்டு கமராவிலயும் விழுந்த ஒரே நொடி ஒண்டைத் தேடினம், ஒரு பிளேன் வெள்ளைப் புகை விடத் தொடங்கிற நேரம், அதை வச்சு மிச்சத்தைச் சரிக்கட்டினம். பிறகு எல்லா ஃபைலுக்கும் பேர், நாள், நேரம், கமரா எழுத்து, கடைசியா ஷொட் நம்பர் எண்ட ஒழுங்கில. இனி உலகத்தில எந்த ரெண்டு படத்துக்கும் ஒரே பேர் வராது.

பிளேன் வாரியாப் பிரிக்கிற வேலையைப் பெடியன் தானே கேட்டு எடுத்தவன். ரெண்டு நாளில பி-17 குண்டு போடுற பிளேனுக்கு ரெண்டு போல்டர் வச்சிட்டான், ஒண்டு சாலி பி, ஒண்டு மெம்ஃபிஸ் பெல். அண்டைக்குப் பறந்தது ஒரு பி-17தான், மூக்கின்ர இடப்பக்கம் ஒரு பேர், வலப்பக்கம் இன்னொரு பேர். போகேக்க ஒரு பேர், வரேக்க இன்னொரு பேர், அவன்ர பிழை எண்டு சொல்ல ஏலாது. மூக்குப் படத்தை நம்பாம உடம்பில எழுதியிருக்கிற பதிவு இலக்கத்தை வச்சுத்தான் பிரிக்கவேணும் எண்டு அதில முடிவாச்சு. உதாரணத்துக்கு எம்.எச்.434 எண்டா அது ஒரேயொரு ஸ்பிட்ஃபயர்தான், அதுக்கு எந்தப் பெயின்ற் அடிச்சாலும் அதுதான்.

ஹரிக்கேனா ஸ்பிட்ஃபயரா எண்டு சந்தேகம் வந்த தூரத்துப் படங்களை அண்ணை பாத்த உடன சொல்லிட்டார். கூன்.

காலமை எடுத்த 1/1000 படங்களை என்ன செய்யிறது எண்டு ஒரு சின்ன வாக்குவாதம். நான் அழியுங்கோ எண்டன், 1657 ரோ ஃபைல் (கமரா நசிக்காம எழுதுற மூலப் படம்), ஒண்டு 26 எம்பி, 43 ஜிபி. அண்ணை மாட்டன் எண்டார், ஒருக்கா அழிஞ்சு பட்டது காணும் எண்டு. கடைசியில நிலத்தில ஓடுற பிளேனுகள், ஜெட், இறங்கிறதுக்குச் சில்லு விரிக்கிறது, இதுகளை வச்சிட்டு மிச்சத்தைத் தனி ஹார்டில போட்டம். இது எனக்கு இன்னும் சரியாப் படேல்லை, ஆனா ஹார்ட் அவற்ற.

இப்ப கடையில மாறினது

பல கமராவின்ர செற்றிங்கில ஃபைல் பேரின்ர முன் எழுத்துகளை மாத்தலாம், பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு கமராவுக்கும் வேற வேற எழுத்துப் போட்டாச்சு, கடன் வாங்கின கமராவுக்கும் எடுத்து முடியிற வரைக்கும் ஒரு எழுத்து. இது மட்டும் அண்டைக்கு இருந்திருந்தா 618 படமும் இண்டைக்கு இருந்திருக்கும்.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு கடித உறை. அதில கமரா எழுத்து, தொடக்க நம்பர், முடிவு நம்பர், எத்தினை படம். கார்டுக்கு ஒரு போல்டர், ஒரு கார்டின்ர படம் இன்னொரு கார்டின்ர போல்டருக்குள்ள போகாது, பிறகு சேக்கிறது வேற வேலை. உறையில இருக்கிற எண்ணிக்கையும் ரெண்டு ஹார்டில இருக்கிற எண்ணிக்கையும் ஒண்டா இருந்தா மட்டும் அண்ணை உறையில கையெழுத்து வைப்பார். கையெழுத்து இல்லாத கார்டை ஃபோர்மட் பண்ணினா பெடியனுக்கு அண்டைக்குச் சம்பளம் இல்லை, கையெழுத்து வைக்காம அண்ணை ஃபோர்மட் பண்ணினா பெடியனுக்கு அவர் கொத்து வாங்கிக் குடுக்கவேணும், இது அவையளுக்குள்ள பேசினது, இதுவரைக்கும் ரெண்டு கொத்து நடந்திருக்கு.

கம்ப்யூட்டர் "ஒரே பேர்" எண்டு கேட்டா கையை எடுத்திட்டு ஆளைக் கூப்பிடவேணும். கலியாண வீட்டுக் கார்டெண்டாலும். எந்தப் படப்பிடிப்புக்கும் முதல் ஷொட் போன் மணிக்கூடு, எல்லாக் கமராவாலயும் ஒருக்கா, மணி பிழையா இருந்தாலும் பிறகு திருத்த அது போதும்.

ஷட்டரைப் பற்றி, அண்ணை இப்ப ஞாயிறு பின்னேரங்களில டொக்யார்ட் றோட்டில நிண்டு 1/125இல ஓட்டோக்களை இழுத்து இழுத்து அடிக்கிறார். சில்லு சுத்தவேணும், நம்பர் தகடு வாசிக்கவேணும், அதுதான் கணக்கு. பத்தில ரெண்டு சரி வந்தது இப்ப நாலு வருது. ஓட்டோக்காரர் முதல் பயந்தவை, இப்ப படம் கேக்கினம்.

மருமகன் அடுத்த தரம் கூப்பிடுறன் எண்டு சொல்லியிருக்கிறான். இப்போதைக்கு வட்ஸ்அப்பில தப்பின நாலில ஒண்டை 6க்கு 4 இஞ்சியில அடிச்சு காசு மேசைக்குப் பின்னால கொழுவியிருக்கு, 1600 பிக்சலுக்கு அதுதான் தாங்கும், அதுக்கு மேல இழுத்தா வானம் உடையுது. கூன் நல்லாத் தெரியுது. அந்த ரெண்டாம் கார்ட் லொக் போட்டபடி ஒரு உறைக்குள்ள லாச்சியில கிடக்கு, இனி அதில ஒண்டும் வராது எண்டு நான் மூண்டு தரம் சொல்லிட்டன், அண்ணை இன்னும் எறியேல்லை.